ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்

வீடு புடிச்சிருக்குதுங்களா? புடிக்கும், நல்ல வீடுங்க. சமையல்கட்டு கொஞ்சம் இருட்டு, அவ்வளவுதான். அப்பறம் மழைக்கு பேஸ்மெண்ட்ல தண்ணி கசியும். வீட்டுக்காரன் அதைச் சொல்லியிருக்க மாட்டான். நான் சொன்னேன்னு அவன்கிட்டச் சொல்லிராதீங்க.

உக்காருங்க, உக்காருங்க. அவன் அக்ரிமெண்ட்டை எடுத்துட்டு வர்ற வரைக்கும் கார்லயா உக்காந்திருப்பீங்க? ரெண்டு தோசை ஊத்தறேன். நீங்க திருச்சிப் பக்கம் இல்லைங்களா? நான் கோபிச்செட்டிபாளையமுங்க. பேரு சாந்தாமணி. இவங்க வாயில அது நுழையல, அதனால இந்த ஊருக்கே நான் மணி. இந்த ஹார்ட்லியில தமிழ் பேசற வீடு எங்களது ஒண்ணுதான். நீங்க வந்தா ரெண்டாகும். அன்னிக்குக் கடையில வெங்காயம் எடுக்கறப்ப உங்க மகளை நீங்க 'ஓடாதடி'ன்னு கத்துனீங்க பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

உங்க வீட்டுக்காரர் மட்டும் இன்னும் டல்லாஸ்லதான் இருக்காருங்களா? சம்பளம் அங்க கூடவா, இங்க கூடவா? சரி சரி, சொல்ல வேண்டாம். எனக்குக் கேக்கற பழக்கம். எங்க வீட்டுக்காரரும் திட்டுவாரு. மனசுல கெட்ட எண்ணம் வெச்சுக் கேக்கறதில்லைங்க. கேட்டாத்தான நாம ஒருத்தருக்கு ஒரு ஒத்தாசை பண்ண முடியும்?

ஸ்கூல் எப்படின்னு கேட்டீங்க. ஸ்கூல் நல்ல ஸ்கூலுங்க. வினையெல்லாம் அதனாலதான் வந்துச்சு.

முன்னெல்லாம் இங்க யார் வேணாலும் வந்து படிச்சாங்க. ஊருக்கு வெளிய ஒரு ஓடை இருக்குது, பாலம் தாண்டித்தான வந்தீங்க? அந்தப் பக்கத்துப் பண்ணைவீட்டுப் புள்ளைங்க, வேற ஊர்ப் புள்ளைங்க, யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அப்பறம் மாநிலத்துல ஸ்கூலுக்கெல்லாம் மார்க் போட ஆரம்பிச்சாங்க. புள்ளைங்களுக்குப் போடற மார்க் பத்தாதுன்னு ஸ்கூலுக்கும் மார்க்கு. எங்களுக்கு நல்லா வந்துச்சு, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஸ்கூலுக்கு மட்டமா வந்துச்சு. அங்கிருந்த டீச்சருங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. இருக்கறவங்களை வெச்சு ஓட்டோணும்னு வாரத்துக்கு நாலு நாள்தான் ஸ்கூல்னு பண்ணீட்டாங்க. வெள்ளிக்கிழமை லீவு. அதுக்கும் சீர்திருத்தம்னுதான் பேரு. உடனே அந்தப் பக்கத்து ஆளுங்கெல்லாம் புள்ளைங்களை இங்க கொண்டாந்து சேக்க, எங்க ஸ்கூல் போர்டு ஒரு சட்டம் போட்டுச்சு. புள்ள எந்தப் பக்கம் படுத்துத் தூங்குதோ அந்தப் பக்கத்து ஸ்கூல்லதான் படிக்கோணும். வாரத்துல பாதி நாளாச்சும் இந்தப் பக்கம் தூங்கியிருக்கோணும்.

அந்தச் சட்டம் போட்ட கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஆதரிக்கறவங்க கை தூக்குங்கன்னாங்க, எல்லாரும் தூக்குனோம். ரோண்டாவும் தூக்குனா. அப்ப அவ இந்தப் பக்கம் இருந்தா.

ரோண்டான்னா, நீங்க இப்பப் பாத்துட்டு வந்தீங்கல்ல, அந்த வீட்டுல குடியிருந்தவ. அந்த மாடி ரூம்ல ஊதாக் கலர் பெயிண்ட் அடிச்சிருக்குதில்லைங்களா, அது அவ மக பிரியானா ரூம். ரோண்டா நர்ஸிங் ஹோம்ல வேலை பாக்கறா, வயசானவங்களைக் குளிப்பாட்டி விடற வேலை. எனக்கு இந்த ஊர்ல மொதல்ல பேச்சுக் குடுத்தவ அவதான். எங்கம்மா செத்தப்ப விசா பேப்பர் நடுவுல மாட்டிக்கிச்சு, ஊருக்குப் போக முடியல. ஃபோன்லதான் காட்டுனாங்க. ரோண்டா வந்து என் பக்கத்துல உக்காந்து, என் கையைப் புடிச்சுக்கிட்டு, கடைசி வரைக்கும் பாத்தா. ஒரு வார்த்தை புரியாது அவளுக்கு. எங்கண்ணன் கொள்ளி வெக்கறப்ப நான் கத்துனேன், அவளும் அழுதா. அப்படிப்பட்டவ அவ. அவளுக்கு நான் கெடுதல் நினைப்பேனா?

அவ புருஷன் டுவேன் லாரி ஓட்டறவன். டிவோர்ஸ் ஆயிருச்சு. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, இங்க அதுவும் சிரிச்சுக்கிட்டே நடக்குது. அவன் மெயின் ரோட்டுல இரும்புக்கடைக்கு மேல சின்னதா ஒரு வீடு எடுத்துக்கிட்டான். அப்பறம் ரோண்டாவுக்கு கர்ட்டிஸ்னு ஒருத்தரோட பழக்கமாச்சு. பொண்டாட்டி செத்தவரு, ரெண்டு பசங்க, ஓடைக்கு அந்தப் பக்கம் சோளக்காட்டு நடுவுல வீடு. நல்ல மனுஷன். போன ஆடியில, அதாவது ஜூலைல, இவ இந்த வீட்டைக் காலி பண்ணீட்டு அவரோட போயிட்டா. அவரு புள்ளைங்க ரெண்டு, இவ புள்ள ஒண்ணு, நாய் ஒண்ணு. கல்யாணம் எப்பன்னு கேட்டேன். அதுக்கென்ன அவசரம்னு சிரிச்சா.

சரி, பிரியானா ஸ்கூல் என்ன ஆச்சுன்னு கேட்டேன். கேட்டேன், அவ சொன்னா. ஸ்கூல்ல டுவேன் வீட்டு அட்ரஸைக் குடுத்திருக்கறாளாம். அவன் ஊர்ல இருக்கற நாளெல்லாம் புள்ள அங்க படுத்துக்கும், அவன் லாரியில போயிட்டா பாலத்துக்கு அந்தப் பக்கம். யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவ என்கிட்டச் சொல்லவே இல்லைங்க. அதை நீங்க கவனிக்கோணும். சொல்லியிருந்தா நான் வாயைத் தொறந்திருப்பேனா?

தொட்டுக்கக் கொஞ்சம் சட்னி போடட்டுங்களா? காரம் இருக்காது, இந்த ஊர் மொளகாய்க்கு அதெல்லாம் தெரியாது.

பிரியானாவும் எங்க மிருதுளாவும் ஒரே கிளாஸ். ஆறாவது. ரெண்டும் ஒண்ணாத்தான் வளந்துதுங்க. ஆனா கணக்குல அந்தப் புள்ள கெட்டிங்க. எங்க மிருதுளாவும் மோசமில்ல, நான் தெனமும் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கறேன். அந்தப் புள்ளைக்கு யாருமே சொல்லிக் குடுக்க வேண்டாம், பாத்தாலே வந்துரும். ஸ்கூல்ல புதுசா ஒரு கணக்கு கிளாஸ் கொண்டாந்தாங்க, ஜனவரியில ஆரம்பிக்கும்னு. அதுல சேந்துட்டா ஹைஸ்கூல்ல மேல மேல போகலாம், காலேஜுக்கும் அது பெரிய வாசல். டெஸ்ட் வெச்சாங்க. பிரியானாவுக்கு எடம் கெடைச்சுது. எங்க மிருதுளாவுக்குக் கெடைக்கல. அது வேற கதை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

தீபாவளி வந்துச்சு. நான் அதிரசம் சுட்டேன். அன்னிக்குக் காலையில மிருதுளாவை ஸ்கூல்ல விடப் போனேன். பிரியானா பஸ்ஸுல இருந்து எறங்குது. மூக்கெல்லாம் செவந்து, கண்ணு ரெண்டும் தூக்கத்துல சொருகுது. என்ன சாமின்னு கேட்டேன். அம்மாவுக்குக் காலை ஷிஃப்டாம், பாலத்துக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் பங்க்ல எறக்கி விட்டுட்டு வேலைக்குப் போயிருவாளாம். பஸ் ஓட்டற வெர்ன் தாத்தா அங்க நிறுத்தி ஏத்திக்குவாராம். அது ஸ்டாப்பே இல்லைங்க. அவரு பாவம் பாத்து நிறுத்தறாரு. பனியில நின்னுக்கிட்டு இருந்துதாம் புள்ள.

பாத்துட்டுச் சும்மா வர முடியல. பெத்த வயிறு இல்லைங்களா?

எங்கப்பாவைப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும். கூட்டுறவு சொசைட்டியில கிளார்க். தெருவுல யார் வீட்டுப் புள்ளைக்கு ஹாஸ்டல் கெடைக்கலைன்னாலும், யாருக்கு ஃபீஸ் கட்ட முடியலைன்னாலும், சட்டையை மாட்டிக்கிட்டு ஹெட்மாஸ்டரைப் பாக்கக் கெளம்பிருவாரு. 'சார், வீட்டு நெலைமை இப்படி, நீங்கதான் பாத்துச் செய்யோணும்'னு ஒரு வார்த்தை. வேலை முடிஞ்சுரும். வீட்டு நெலைமையை எத்தனைக்கு எத்தனை மோசமாச் சொல்றாரோ, அத்தனைக்கு அத்தனை சீக்கிரம் முடியும். அப்பன் நல்லா இருந்தாக்கூடப் படுத்த படுக்கைன்னு சொல்லுவாரு. ஹெட்மாஸ்டருக்கும் தெரியும், கொஞ்சம் கூட்டித்தான் சொல்றாருன்னு. ரெண்டு பேரும் தெரிஞ்சேதான் அப்படி. நம்மூர்ல எல்லா நல்ல காரியமும் இப்படித்தானுங்க நடந்துச்சு? நீங்களே சொல்லுங்க, உங்க வீட்டுல யாருக்கும் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொல்லி வெச்சதில்லையா?

அதே நெனப்புலதான் நான் போனேன். ஒரு டப்பா அதிரசத்தை எடுத்துக்கிட்டு பிரின்சிபால் ஹோல்கம் அம்மா ரூமுக்குப் போனேன். ரொம்பத் தன்மையான அம்மா. 'மேடம், பிரியானா விஷயமா ஒரு சின்ன உதவி'ன்னு ஆரம்பிச்சேன். பஸ்ஸைப் பாலம் தாண்டிக் கொஞ்சம் உள்ள விட்டா அந்தப் புள்ள வீட்டு வாசல்லயே ஏறிக்கும், அவ்வளவுதான் நான் கேட்டது.

'பிரியானா அவங்கப்பா வீட்டுல இருந்து வரலையா?'ன்னு அந்தம்மா கேட்டாங்க.

'அய்யோ, அந்தாளு வீட்டுல எங்க மேடம் இருக்கறாரு? லாரியிலதான் குடித்தனம். அந்தப் புள்ள அங்க ஒரு நாள்கூடப் படுத்ததில்லை'ன்னேன்.

ஒரு நாள்கூட இல்லைன்னது நெஜமில்லைங்க. வாரத்துல பாதி நாள் அங்கதான் படுத்துக்கும். எனக்கு நல்லாத் தெரியும், எங்க மிருதுளாவே ரெண்டு தடவை அங்க போய்த் தங்கியிருக்கறா. ஆனா பாதி நாள்னு சொன்னா பரிதாபம் பாதியாப் போயிருமில்லைங்களா? எங்கப்பா இருந்தா அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு.

அந்தம்மா ஒரு அதிரசத்தை எடுத்து என் முன்னாடியே கடிச்சாங்க. 'இதை என்கிட்டச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி மணி'ன்னு கையைப் புடிச்சாங்க. நான் நல்லது நடந்துருச்சுன்னு வீட்டுக்கு வந்துட்டேன். அன்னிக்கு மனசு அவ்வளவு நெறைவா இருந்துச்சு. வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொன்னேன். அவரு டிவியைப் பாத்துக்கிட்டே 'இதெல்லாம் உனக்கெதுக்கு'ன்னாரு. எதுக்கெடுத்தாலும் அதைத்தான் சொல்லுவாரு, அதனால நான் காதுல போட்டுக்கல.

பஸ் பாலம் தாண்டல. கர்ட்டிஸ் வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு கார் வந்து நின்னுச்சாம். பல நாள் காலையில. உள்ள ஒருத்தன் உக்காந்து, புள்ள எந்த வாசல்ல இருந்து வெளிய வருதுன்னு பாத்துக்கிட்டே இருந்தானாம். டுவேன் அப்ப வெளியூர் லோடு போயிருந்தான், புள்ள எல்லா நாளும் அங்கிருந்துதான் வந்திருக்குது. இப்படி ஆள் வெச்சுப் பாப்பாங்கன்னு எனக்கென்னங்க தெரியும்? திருடனையா புடிக்கறாங்க? ஒரு புள்ள ஸ்கூலுக்குப் போறதை ஒளிஞ்சிருந்து பாக்கறதுக்குச் சம்பளம் குடுத்து ஆள் வெக்கற ஊரை நீங்க எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?

லெட்டர் வந்துச்சு, பிரியானா கிறிஸ்துமஸோட நின்னுக்கோணும்னு. ரோண்டா நேரா என்கிட்டத்தான் ஓடி வந்தா. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே சேர்தான். 'யாரோ சொல்லியிருக்காங்க மணி, ஒரு நாள்கூட அங்க தூங்கறதில்லைன்னு யாரோ சொல்லியிருக்காங்க'ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. நான் அவ முதுகைத் தடவிக் குடுத்தேன். டீ போட்டுக் குடுத்தேன். அப்பவே சொல்லியிருக்கலாம். ஆனா அழுதுக்கிட்டிருக்கறவகிட்டப் போய் அதை எப்படிச் சொல்றது? கொஞ்சம் ஆறட்டும்னு இருந்தேன்.

அவ அப்பீல் பண்ணுனா. போர்டு ஆபீஸ்ல விசாரணை. பெத்தவங்க சொன்னா எடுத்துக்க மாட்டாங்களாம், சாட்சிக்கு நீ வரோணும்னு என்னைக் கூப்பிட்டா. போகாம இருக்க முடியுமுங்களா? போனேன். நீளமா ஒரு மேசை. அந்தப் பக்கம் ஸ்கூலுக்கெல்லாம் பெரியவரான சூப்பரிண்டெண்டெண்ட், பக்கத்துல ஹோல்கம் அம்மா. இந்தப் பக்கம் ரோண்டா, பிரியானா, நான். அந்தப் புள்ள தலையைச் சீவி, நல்ல கவுன் போட்டுக்கிட்டு வந்திருந்துச்சு. எதோ பரிசு வாங்க வந்தவளாட்டம் உக்காந்திருந்தா.

'அப்பா வீட்டுல ஒரு நாள்கூடத் தூங்கறதில்லைன்னு எங்களுக்குத் தகவல்'ன்னாரு அந்த சூப்பரிண்டெண்டெண்ட். ரோண்டா சொன்னா, 'பொய். பாதி நாள் அங்கதான். மணியைக் கேளுங்க. இவ மக அங்க வந்து தங்கியிருக்கறா.'

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. ஹோல்கம் அம்மாவும் பாத்தாங்க. அந்தம்மா மொகத்துல கோவம்கூட இல்லைங்க. சும்மா பாத்தாங்க.

ஆமான்னு சொன்னாப் போதும். ஆமா, பாதி நாள் அங்கதான் தூங்கும், எனக்குத் தெரியும். அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தா அந்தப் புள்ள இன்னிக்கு இங்கதான் படிச்சிருக்கும். ஆனா அதைச் சொன்னா, அப்ப ஏன் அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்கன்னு அந்தம்மா ஒரு வார்த்தை கேட்டாப் போச்சு. ரோண்டா பக்கத்துல உக்காந்திருக்கறா. என் கையைப் புடிச்சுக்கிட்டு இருக்கறா.

'பிரியானா ரொம்ப நல்ல புள்ளைங்க'ன்னேன். 'படிப்புல கெட்டி, மரியாதை தெரிஞ்ச புள்ள. நீங்கதான் பாத்துச் செய்யோணும்'னேன். அந்த ஆளு மறுபடியும் கேட்டாரு, 'அங்க தூங்குவாளா, மாட்டாளா? உங்களுக்குத் தெரியுமா?' எனக்குச் சரியாத் தெரியலைன்னுட்டேன்.

பிரியானா திரும்பி என்னைப் பாத்துச்சு. அதுக்குத் தெரியுமில்லைங்களா, மிருதுளா அங்க வந்து படுத்ததெல்லாம். புள்ளைங்களுக்குப் பெரியவங்க பேச்சுல பாதி புரியாது. புரிஞ்சிருக்காதுன்னுதான் நினைக்கறேன்.

வெளிய வந்ததும் ரோண்டா என்ன பண்ணுனா தெரியுமுங்களா? என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. 'உன்னையும் இப்படி மெரட்டிட்டாங்களே'ன்னா. என்னை மெரட்டிட்டாங்களாம். இங்கிலீஷ் தடுமாறிப் போச்சு எனக்குன்னு நெனச்சுக்கிட்டா. அவளுக்காக வாதாட வந்து பயந்துட்டேன்னு அவளே ஒரு சமாதானம் பண்ணிக்கிட்டா. நான் தலையாட்டுனேன்.

அப்பறம் கார்ல ஏறறப்பச் சொன்னா, 'வெர்ன்தான் சொல்லியிருக்கணும். அவனுக்குத்தான் தெரியும்.'

அந்த மனுஷன் பாவமுங்க. பொண்டாட்டி இல்ல, மகன் எங்கயோ அலாஸ்காவுல. பஸ்ஸுல ஏறற புள்ளைங்கதான் அவருக்கு எல்லாம். ஒவ்வொண்ணு பொறந்த நாளும் தெரியும். ரோண்டா அவரைக் கடையில வெச்சு, அத்தனை சனத்துக்கு முன்னால, வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டா. நான் பக்கத்து வரிசையில பருப்பு எடுத்துக்கிட்டு நின்னேன். அவரு தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னாரு. ஊர் ரெண்டா போச்சுங்க. அந்தப் பக்கத்துப் புள்ளைங்களுக்கு ஸ்கூலுக்காகத் தங்களோட அட்ரஸைக் குடுத்திருக்கற சொந்தக்காரங்கெல்லாம் அவரைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. வேற யாரையெல்லாம் காட்டிக் குடுத்தானோன்னு. பனி முடியறதுக்குள்ள அவரு பஸ் சாவியைத் திருப்பிக் குடுத்துட்டாரு.

என்னால தாங்க முடியல. ஒரு நாள் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கிட்டு அவரு வீட்டுக்குப் போனேன். வாசல்லயே வாங்கிக்கிட்டாரு. 'நீங்க வருவீங்கன்னு நெனச்சேன்'னாரு. ஆபீஸ்ல வேலை பாக்கற ஒரு பொண்ணு அவருகிட்டச் சொல்லியிருக்குது, மணிதான் பலகாரத்தோட வந்தாங்கன்னு.

'ரோண்டாகிட்டச் சொல்லிட்டீங்களா?'ன்னேன்.

இல்லைன்னாரு. 'அப்பன் வீட்டை விட்டா அந்தப் புள்ளைக்கு இந்த ஊர்ல போக வர ஒரு வீடு மிச்சம் இருக்குது. அது உங்க வீடு. அதையும் நான் கெடுக்கல'ன்னாரு. அப்பறம் கதவைச் சாத்திக்கிட்டாரு. டப்பாவை இன்னும் திருப்பித் தரல.

பாத்தீங்களா, அவரே சொல்ல வேண்டாம்னுதான நினைக்கறாரு? நான் இப்பப் போய்ச் சொன்னா அந்தப் புள்ளைக்குத்தான நட்டம்? அதனாலதானுங்க நான் சொல்லாம இருக்கறேன். பயத்துல இல்ல. பயம் இல்லைன்னு சொல்ல முடியாது, ஆனா பயம் மட்டும் இல்ல.

பிரியானா இப்ப அந்தப் பக்கத்து ஸ்கூல்தான். வெள்ளிக்கிழமை லீவுங்கறதால ரோண்டா அன்னைக்கு வேலைக்குப் போறதில்ல, கர்ட்டிஸ் பசங்களையும் சேத்துப் பாத்துக்கறா. நர்ஸிங் ஹோம்ல மொகம் சுளிக்கறாங்களாம். அங்க அந்தக் கணக்கு கிளாஸெல்லாம் இல்லைங்க. இருக்கற கணக்கையே சொல்லிக் குடுக்க ஆளில்ல. டிவியில ஒருத்தன் போடறதைப் பாத்து எழுதோணுமாம்.

ஆமாங்க, பிரியானா எடம் மிருதுளாவுக்குத்தான் வந்துச்சு. வரிசையில அடுத்தது அவதான். நான் கேட்டு வாங்கல. அவங்களா குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல முடியுமா? நாம வேண்டாம்னா அது அடுத்த வீட்டுக்குப் போகும், பிரியானாவுக்கா திரும்பப் போகப் போகுது?

ஆனா மிருதுளாவுக்குத் திணறுதுங்க. அதனால சனிக்கிழமை சனிக்கிழமை பிரியானாவை வரச் சொல்லிட்டேன். ரெண்டும் மேல உக்காந்து அந்தக் கிளாஸ் கணக்கெல்லாம் போடும். மிருதுளாவுக்கு அது சொல்லிக் குடுக்கும். எங்களுக்கு உபகாரம்னு சொல்லல, அந்தப் புள்ளைக்கும் கிளாஸ்ல என்ன நடத்தறாங்கன்னு தெரிஞ்ச மாதிரி ஆச்சில்லைங்களா? போறப்ப நெறையச் சாப்பாடு கட்டிக் குடுத்துதான் அனுப்பறேன். போன வாரம் ஒரு கணக்கை முடிச்சுட்டு அது கேட்டுச்சு, 'இதை உங்க டீச்சர் கிளாஸ்ல எப்படிப் போட்டாங்க?'ன்னு. மிருதுளா மறந்துருச்சுன்னா. நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். எந்திரிச்சு பாத்ரூமுக்குப் போயி கொழாயைத் தொறந்து விட்டுட்டு நின்னேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? நீங்க கேக்க நினைக்கறது எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கேட்டாரு, அதோட நிறுத்திக்கிட்டாரு. அதிரசம் கொண்டுக்கிட்டுப் போன அன்னைக்கு, வரிசையில அடுத்தது மிருதுளாதான்னு எனக்குத் தெரியுமான்னு.

ஸ்கூல்ல இருந்து மெயில் வந்திருந்துச்சு. அந்த வாரமே வந்திருந்துச்சு. யாராச்சும் ஒருத்தர் நின்னா உங்க மகளுக்குத்தான்னு போட்டிருந்தாங்க. படிச்சேன். படிச்சா அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன்னு ஆயிருமா? நாளைக்கு எத்தனை மெயில் வருது. அடுப்புல பாகு இருந்துச்சு, ஃபோனை வெச்சுட்டுக் கிண்டப் போயிட்டேன். ஹோல்கம் அம்மா ரூமுக்குள்ள நான் நின்னப்ப மனசுல அந்தப் புள்ள மூக்கு செவந்திருந்ததுதான் இருந்துச்சு. சத்தியமா அதுதான் இருந்துச்சு. வேற எதுவும் இருந்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல.

கார் சத்தம் கேக்குதுங்களா? அவங்கதான். இன்னிக்குச் சனிக்கிழமையில்லைங்களா? இருங்க, மொகத்தைத் தொடச்சுக்கறேன்.

வா ரோண்டா, உள்ள வா. பிரியானா, மிருதுளா மேல இருக்கறா, போ சாமி. இவங்கதான் நீ குடியிருந்த வீட்டைப் பாக்க வந்திருக்கறவங்க. எங்க ஊர்க்காரங்க. ஆமா, புள்ள இருக்குது, ஒரு பொண்ணு.

கேட்டுச்சுங்களா அவ சொல்றது? இந்த ஊர்ல ஸ்கூல் விஷயத்துல யார்கிட்டயும் வாயைத் தொறக்காதீங்க, ஆனா மணியை மட்டும் நம்பலாம், மணி எங்க குடும்பம்ங்கறா. சிரிங்க கண்ணு. கொஞ்சம் சிரிங்க, அவ உங்க மொகத்தையே பாக்கறா.

என்ன பேசிக்கிட்டு இருந்தோம்னு கேக்கறா. உன்னைப் பத்தித்தான்னு சொன்னேன். சந்தோசப்படறா பாருங்க.

ஏனுங்க எந்திரிக்கறீங்க? வீட்டுக்காரன் இன்னும் வரலைங்களே. தோசை அப்படியே இருக்குது, ஒரு வாய்தான் சாப்பிட்டிருக்கீங்க. வெளிய குளுருது, கார்ல எதுக்குப் போய் உக்காரோணும்? உக்காருங்க கண்ணு. நீங்க இப்படிப் போனா அவ என்ன நினைப்பா? சரி, போறதுன்னாப் போங்க, நான் புடிச்சு வெக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லீட்டுப் போங்க. நான் பிரியானாவுக்காகத்தானுங்க போனேன்? அந்தப் புள்ளைக்காகத்தான? சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க, அவளுக்குப் புரியாது.